ஸ்டாம்ப் சேர்க்கத் தொடங்கியதும் வரும் சிக்கல்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய ஒரு கையேடு

பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று புரியும். வயதாகிக் கெட்ட தபால்தலைகள் கொஞ்சம்தான். யாரோ "சரிசெய்கிறேன்" என்று கைவைத்துக் கெடுத்தவைதான் அதிகம். தண்ணீரில் போட்டது, சுரண்டியது, டேப் ஒட்டியது, அழிப்பானால் தேய்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். அதனால் கீழே உள்ள எந்தச் சிக்கலாக இருந்தாலும், செய்தால் திரும்பப் பெற முடியாத வேலையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் சிக்கல் எதுவோ அங்கே போய்விடலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தேவைப்படுவது ஒரு ஸ்டாம்ப் இடுக்கி. புருவம் திருத்தும் ட்வீசர் ஆகாது. அதன் முனையில் உள்ள வரிகளும் கூர்மையும் தாளைக் கீறிவிடும். ஸ்டாம்ப் இடுக்கியின் முனை தட்டையாக, வழுவழுப்பாக இருக்கும்.

உறையை விட்டு வர மாட்டேன் என்கிறது

முதலில் அதை எடுக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். உறை பழையதா, முத்திரையில் ஊரும் தேதியும் தெளிவாகத் தெரிகின்றனவா, பதிவுத் தபால் சீட்டோ போர்க்காலத் தணிக்கை முத்திரையோ இருக்கிறதா, ஸ்டாம்ப் வெளியான நாளிலேயே முத்திரை விழுந்த முதல் நாள் உறையா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றால் முழு உறையாகவே வைத்துவிடுங்கள். அந்த மாதிரி உறைகளில் ஸ்டாம்ப் மிகச் சாதாரணமானதாக இருக்கும், மதிப்பு உறைக்குத்தான். பிரித்ததை மறுபடி ஒட்டினாலும் அது பழைய உறை ஆகாது.

எடுக்கலாம் என்று முடிவு செய்தால் நகத்தால் பிய்க்காதீர்கள். பிய்த்தால் முன்பக்கம் நன்றாக இருப்பது போலத் தெரியும். பின்பக்கத் தாளில் ஒரு படலம் உறையோடு போயிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். சேகரிப்பாளர்கள் இதை 'தின்' என்பார்கள். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்னால் தின் விழுந்தால் மதிப்பு சரிந்துவிடும்.

ஸ்டாம்பைச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் உறைத்தாள் விட்டு வெட்டுங்கள். அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, படம் மேலே தெரியும்படி மிதக்கவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அளவுக்குத்தான் ஒரு தடவையில் போட வேண்டும். பதினைந்து, இருபது நிமிடத்தில் பசை இளகி ஸ்டாம்ப் தானாக நழுவ வேண்டும். பாதி நழுவியதை இழுக்காதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் அதுவாக வரும். ஈரமான தாளுக்குப் பலம் கிடையாது, இடுக்கியின் ஓர் அழுத்தம் போதும் கிழிவதற்கு. ஈரத்தில் மட்டும் இடுக்கியைவிடச் சுத்தமான விரல் மேல். வெளியே வந்ததை வேறு நல்ல தண்ணீரில் அலசி, பின்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் பசை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பவும் போடுங்கள்.

அரை மணி நேரம் ஆகியும் அசையவில்லையா? அது ஸ்டிக்கர் வகை, அதாவது தானே ஒட்டும் பசை உள்ள ஸ்டாம்பாக இருக்கலாம். 1964-இல் சியரா லியோன் தன் நாட்டு வரைபட வடிவிலேயே வெட்டி வெளியிட்டதுதான் இந்த வகையில் உலகின் முதல் தபால்தலை. அப்புறம் பல நாடுகள் இதற்கு மாறின. சில நாடுகள் பசைக்கும் தாளுக்கும் நடுவே தண்ணீரில் கரையும் ஒரு படலம் வைத்தன. அவை கொஞ்சம் தாமதமாக வந்தாலும் வந்துவிடும். அமெரிக்கா அந்தப் படலத்தை 2000-களின் நடுவில் கைவிட்டது, அதற்குப் பின்வந்த பெரும்பாலான அமெரிக்க ஸ்டாம்புகள் இரவு முழுக்க ஊறினாலும் வராது. சிட்ரஸ் எண்ணெய் கலந்த ஸ்ப்ரேயை உறைத்தாளின் பின்பக்கம் அடித்து உரித்தெடுத்து, பிசுபிசுப்பின் மேல் முகப்பவுடர் தூவுகிறவர்கள் உண்டு. வேலை செய்யும், ஆனால் பிற்காலத்தில் தாளை அது என்ன செய்யும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சுற்றிலும் சீராகத் தாள் விட்டு வெட்டி, உறைத்துண்டோடு ஆல்பத்தில் வைப்பதே என் பரிந்துரை. இன்று பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தண்ணீரில் போட்டதும் சாயம் இறங்கிவிட்டது

இதில் இரண்டு வகை. ஒன்று, உறையின் சாயம் ஸ்டாம்பில் ஏறுவது. சிவப்பு, அடர் பச்சை, பழுப்பு உறைகளும் ஊதா மையில் எழுதிய உறைகளும்தான் பெரும்பாலும் இதைச் செய்யும். அவற்றைத் தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஒவ்வொன்றாகப் போடுங்கள். தண்ணீர் நிறம் மாறிய உடனே எடுத்துப் புதுத் தண்ணீரில் விடுங்கள். முதல் சில நிமிடத்தில் பார்த்துவிட்டால் கறை பெரும்பாலும் போய்விடும். காய்ந்த பிறகு போகாது.

இன்னொன்று, ஸ்டாம்பின் சொந்த மையே கரைவது. அச்சடித்தவர்கள் தெரிந்தே செய்த வேலை இது. முத்திரையைக் கழுவிவிட்டுத் தபால்தலையை மறுபடி பயன்படுத்துகிறவர்களைத் தடுக்க, தண்ணீர் பட்டால் நிறம் போகும் மைகளைப் பயன்படுத்தினார்கள். பிரிட்டன் 1883-84-இல் வெளியிட்ட ஊதா, பச்சை வரிசை இதற்குப் பேர்போனது. அதில் பச்சை நிறத்தவை ஊறவைத்தால் வெளிறி மஞ்சள் சாயலுக்குப் போய்விடும், போன நிறம் திரும்பாது. எனவே, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்டாம்ப் எதுவானாலும் கேட்லாக்கில் (ஸ்டாம்புகளை எண்ணிட்டு விலையோடு பட்டியலிடும் புத்தகம்) பார்க்காமல் தண்ணீர் காட்டாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சுள்ள தாளுக்கும் இதே எச்சரிக்கை. அங்கே மை உட்கார்ந்திருப்பதே பூச்சின் மேல்தான், ஈரத்தில் தேய்த்தால் படமே கையோடு வரும்.

காய்ந்ததும் சுருண்டுகொண்டது, அல்லது தாளோடு ஒட்டிக்கொண்டது

சுருள்வது ஒரு பிரச்சினையே அல்ல. மை உள்ள பக்கமும் இல்லாத பக்கமும் வெவ்வேறு வேகத்தில் காய்கின்றன, அவ்வளவுதான். மை ஒற்றும் தாளில் படம் கீழே பார்க்கும்படி பரப்பி, தொட்டால் ஈரம் தெரியாத வரை விடுங்கள். பிறகு இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை ஒரு நாள் அடுக்கிவையுங்கள். செய்தித்தாளில் காயவைக்காதீர்கள், அச்சு மை ஏறும். வெயிலிலும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

ஒட்டிக்கொண்டது என்றால் பசை முழுதாகப் போகவில்லை. தாளோடு சேர்த்துத் திரும்பத் தண்ணீரில் போட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

புது ஸ்டாம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன

காற்றில் ஈரம் கூடும்போது பின்பக்கப் பசை தானாக இளகும். அழுத்தமும் சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாக் புத்தகங்களை, அதாவது ஸ்டாம்புகளைச் செருகிவைக்கும் பட்டைகள் உள்ள புத்தகங்களை, படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற வீடுகளில் இது கட்டாயம் நடக்கும். அலமாரியில் நிற்கவைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஒட்டியதைப் பிரிக்க ஈரப்பெட்டி முறை உண்டு. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரமான பஞ்சுத்துண்டு, அதற்கு மேல் தண்ணீர் தொடாத உயரத்தில் ஒரு வலை, வலையின் மேல் ஸ்டாம்ப். மூடிவிட்டு ஒவ்வொரு மணி நேரமும் திறந்து பாருங்கள். பசை கொஞ்சம் கொஞ்சமாக இளகி ஒரு மூலை தூக்கும். அங்கே இடுக்கியை நுழைத்து, தடை வரும் இடத்தில் நிறுத்தி, மறுபடி உள்ளே வையுங்கள். பசை பழைய பளபளப்போடு இருக்காது, ஆனால் தாள் தப்பிக்கும். பசையே போனாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற மலிவான ஸ்டாம்புக்கு இவ்வளவு பாடு வேண்டாம், தண்ணீரில் போட்டு எடுத்துவிடலாம்.

ஆல்பம் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டதற்கும் இதே முறைதான். ஹிஞ்ச் (ஸ்டாம்பை ஆல்பத்தில் ஒட்டும் சிறு பசைத்தாள் துண்டு) போட்டு ஒட்டியதை எடுப்பதானால், ஹிஞ்ச் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மட்டும் உரியுங்கள். ஈரத்தில் உரித்தால் தின் விழும். பயன்படுத்திய ஸ்டாம்புகளுக்கு ஹிஞ்ச் போதும். புதிதாக, பசையோடு இருப்பதற்குப் போடாதீர்கள். ஹிஞ்ச் தடமே இல்லாத பசைக்குத்தான் இன்றைய சந்தையில் மவுசு, அதற்கு ஒளி ஊடுருவும் உறைப்பட்டைகள் கிடைக்கின்றன.

பழுப்புப் புள்ளி வருகிறது, அல்லது நிறம் மாறுகிறது

துளைகளின் ஓரத்தில் தொடங்கித் தாளுக்குள் பரவும் துரு நிறப் புள்ளிகள் என்றால் பெரும்பாலும் பூஞ்சை. அது பக்கத்து ஸ்டாம்புக்கும் போகும். முதல் வேலை, புள்ளி உள்ளதையும் அது இருந்த பக்கத்தையும் பிரித்துத் தனியாக வைப்பது. ப்ளீச் செய்து வெளுக்கும் குறிப்புகளைக் கண்டபடி முயலாதீர்கள், தாள் பலவீனமாகும், மையும் வெளுக்கும். ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருந்தால் பூஞ்சை வளராது. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் உதவும். நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்தோ புதிது போட்டோ தொடர வேண்டும், போட்டுவிட்டு மறந்தால் பயன் இல்லை. மாதம் ஒருமுறை ஆல்பத்தைத் திறந்து பக்கங்களைப் புரட்டிக் காற்றுப் படவிடுவது இதையெல்லாம்விட நல்லது.

ஆரஞ்சு நிற ஸ்டாம்ப் மட்டும் கறுத்துப் பழுப்பாகிறதா? மையில் ஈயம் இருந்து, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து கறுக்கிறது. மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்டால் பல நேரம் பழைய நிறம் திரும்பும், ஏனென்றால் கறுப்பான ஈய சல்பைடு வெள்ளையான ஈய சல்பேட்டாக மாறுகிறது. வேதியியலாகப் பார்க்க அழகான விஷயம். ஆனால் விலையுள்ளதில் வேண்டாம், மலிவானதில் பயின்று பாருங்கள். கறுத்ததை 'அபூர்வ நிறப்பிழை' என்று விற்பவர்களும் உண்டு, அந்த வலையில் விழாதீர்கள்.

மொத்தமாக நிறம் மங்கி, மை பிளாஸ்டிக்கில் ஏறுவது போல் இருந்தால் குற்றவாளி பிவிசி. புது மழைக்கோட்டு வாசனை அடிக்கிற, மெத்தென்ற, தொட்டால் எண்ணெய் போல் இருக்கும் பிளாஸ்டிக் உறைகளிலிருந்து ஸ்டாம்புகளை உடனே வெளியே எடுங்கள். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் என்று குறித்தவை பாதுகாப்பானவை. பசைப்பக்கம் உள்ள போட்டோ ஆல்பம் அதைவிட மோசம், ஒட்டினால் ஒட்டியதுதான்.

எந்த நாடு என்றே தெரியவில்லை

தொடக்கத்தில் எல்லாரும் மாட்டுகிற இடம், ரொம்ப சுவாரசியமானதும் இதுதான். நாட்டின் பெயரே இல்லாமல் அரசரின் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் பிரிட்டன். 1840-இல் உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான பென்னி பிளாக்கை வெளியிட்டபோது வேறு நாட்டு ஸ்டாம்பே இல்லை, பெயர் போடத் தேவையிருக்கவில்லை. அந்தச் சலுகை இன்றும் தொடர்கிறது.

பெயர் இருந்தும் புரியாதவை அடுத்த வகை. ஹெல்வெட்டியா என்றால் சுவிட்சர்லாந்து, நான்கு மொழி பேசும் நாடு என்பதால் யாருக்கும் சாராத லத்தீன் பெயர். மாகியார் என்று தொடங்கினால் ஹங்கேரி, சுவோமி என்றால் பின்லாந்து, போல்ஸ்கா போலந்து, ஹர்வாட்ஸ்கா குரோஷியா. ஆங்கிலத்தில் 'சிசிசிபி' போலத் தெரிவது ரஷ்ய எழுத்து, அது சோவியத் யூனியன். முக்கோணத்தின் ஒரு கோடு விட்டுப்போனது போன்ற எழுத்துகளோடு இருந்தால் கிரேக்க மொழி, நாடு கிரீஸ். ஜப்பான் 1966 முதல் 'நிப்பான்' என்று ரோமன் எழுத்தில் போடுகிறது. அதற்கு முந்தையதில் எழுத்து புரியாவிட்டால், இரண்டாம் உலகப் போர்க்காலம் வரையிலானவற்றில் பதினாறு இதழ் சாமந்திச் சின்னத்தைத் தேடுங்கள். பிறையும் நட்சத்திரமும் சுருள்சுருளான சுல்தான் கையொப்பமும் இருந்தால் ஒட்டோமான் துருக்கி.

பெயர் படித்தும் நாடு வரைபடத்தில் இல்லையா? கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, யுகோஸ்லாவியா என்று மறைந்துபோன நாடுகளின் ஸ்டாம்புகள் கலவைப் பொட்டலங்களில் ஏராளம். 'டிடிஆர்' என்பது 1990-இல் முடிந்துபோன கிழக்கு ஜெர்மனி.

நாடும் இல்லை, விலை மதிப்பும் இல்லை என்றால் அது தபால்தலையே அல்ல என்ற சாத்தியத்தை யோசியுங்கள். கிறிஸ்துமஸ் ஒட்டுச்சீட்டு, விளம்பரச்சீட்டு, வருவாய்த் தலை எல்லாம் பார்க்க அப்படியே இருக்கும். இவற்றுக்கென்றே சேகரிப்பாளர்கள் உண்டு, எனவே குப்பையில் போட வேண்டாம், தனி உறை போதும்.

படம் ஒன்றுதான், கேட்லாக்கில் மட்டும் நான்கைந்து எண்கள்

துளை அளவு, நீர்க்குறி (தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மங்கலான அடையாளம்), தாள், நிறச்சாயல் ஆகியவற்றில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. கண்ணுக்கு எளிதானதில் தொடங்குங்கள்.

துளை அளவு என்பது இரண்டு சென்டிமீட்டரில் எத்தனை துளைகள் என்ற கணக்கு. அதற்கென்று அளவுகோல் அட்டை கிடைக்கும். ஸ்டாம்பை அதன்மேல் வைத்து மேலும் கீழும் நகர்த்தி, எல்லாப் பல்லும் கோட்டோடு பொருந்தும் வரிசையைப் பாருங்கள். "14 x 15" என்று இருந்தால் முதல் எண் மேல்-கீழ் விளிம்புக்கு, இரண்டாவது பக்க விளிம்புக்கு. ஒரு நான்கு பல்லைப் பொருத்திவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். கால் அளவு வித்தியாசம் விளிம்பின் கடைசியில்தான் தெரியும்.

நீர்க்குறிக்கு, படம் கீழே இருக்கும்படி கறுப்புத் தட்டில் வைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதும். திரவம் தேவைப்பட்டால் நீர்க்குறித் திரவம் என்றே விற்பதை வாங்குங்கள். பென்சீன் வகைத் திரவங்கள் தீப்பற்றும், போட்டோகிராவூர் முறையில் அச்சான ஸ்டாம்புகளின் மையையும் கரைக்கும்.

பிரிட்டன் 1967-இல் தொடங்கிய, அரசி எலிசபெத்தின் தலை மட்டும் உள்ள மாச்சின் வரிசை கையில் கிடைத்தால் தலைசுற்றத் தயாராக இருங்கள். ஒரே அரசி, ஒரே படம், பார்வைக்கு வெறும் நிறமும் மதிப்பும்தான் மாறும். தபால் பிரிக்கும் இயந்திரம் அடையாளம் காண அச்சிட்ட பாஸ்பர் பட்டைகள் ஒன்றா இரண்டா, இடப்பக்கமா நடுவிலா என்பதிலேயே தனி எண்கள் பிறக்கும். ஸ்டாம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பழையவற்றில் அந்தப் பட்டை மங்கலாகத் தெரியும், இல்லாவிட்டால் புற ஊதா விளக்கு வேண்டும்.

கேட்லாக்குகளின் எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஸ்காட், ஸ்டான்லி கிப்பன்ஸ், மிக்கேல், இவேர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண்வரிசை. எண்ணை மட்டும் எழுதிவைத்து, கேட்லாக் பெயரை எழுதாமல் விட்டால் பிறகு நீங்களே குழம்புவீர்கள். அடையாளம் காண மட்டும் என்றால் பத்து வருடப் பழைய கேட்லாக்கே தாராளம்.

கேட்லாக்கில் ஒரு விலை, வாங்குபவர் சொல்வது வேறு விலை

கேட்லாக் விலை என்பது குறையில்லாத ஒரு பிரதியை வியாபாரியிடம் போய் வாங்கினால் என்ன ஆகும் என்ற குறிப்பு. நீங்கள் விற்கும்போது அதில் ஒரு பங்குதான் வரும். பட்டியலின் மிகக் குறைந்த விலை பெரும்பாலும் வியாபாரி அதைத் தேடி எடுத்துத் தரும் கூலிதான், ஸ்டாம்பின் மதிப்பு இல்லை.

பழசு என்றால் விலை அதிகம் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். பென்னி பிளாக் ஆறரைக் கோடிக்கு மேல் அச்சானது, நிறையவே மிஞ்சியிருக்கிறது. எதிர்ப்பக்கம், 1856-இன் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா மூலைகள் வெட்டுப்பட்டு எட்டு மூலையாக, அழுக்கேறி இருக்கும் ஸ்டாம்ப். உலகில் ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருக்கிறது என்பதால் 2014-இல் தொண்ணூறு லட்சம் டாலருக்கு மேல் போனது. 1923 ஜெர்மனியின் பணவீக்க ஸ்டாம்புகளில் முகமதிப்பாகக் கோடிகள் அச்சிட்டிருக்கும், புதிதாக இருந்தால் சல்லிக் காசு. உண்மையாகவே தபாலில் போய் முத்திரை விழுந்ததுதான் அபூர்வம், அதனால் போலி முத்திரைகளும் அதில்தான் அதிகம்.

முத்திரை இருக்கிறது, பின்னால் பசையும் இருக்கிறது

தபாலில் போகாமலே சேகரிப்பாளருக்காக முத்திரை குத்தி விற்றது. மூலையில் கால் வட்டமாக, அளந்து வைத்ததுபோல் முத்திரை இருக்கும். ஆல்பத்தில் வைக்கலாம், தப்பில்லை. நிஜமாகப் பயன்படுத்தியதன் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

அபூர்வம் என்று சொல்கிறார்கள், நம்பலாமா

துளையில்லாத ஒற்றை ஸ்டாம்ப் என்றால் முதல் சந்தேகம், துளையை வெட்டி எடுத்திருக்கலாம். ஜோடியாக இருந்தால், அல்லது சாதாரணப் பிரதியைவிட அகலமான ஓரங்கள் இருந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

புத்தம்புதுப் பசையோடு நூறு வயது ஸ்டாம்ப் வந்தால் லென்ஸில் பல் முனைகளைப் பாருங்கள். முதலில் பசை பூசி, பிறகு துளையிட்டு, கிழித்துப் பிரிப்பதுதான் இயல்பான வரிசை. அதனால் முனைகளில் தாள் நார் மெத்தென்று பிசிறி நிற்கும். பின்னாளில் யாராவது பசை பூசியிருந்தால் அந்த நாரிலும் பசை ஏறி, விரலில் பட்டால் விறைப்பாகக் குத்தும்.

புது ஸ்டாம்புகளிலும் போலி உண்டு. சில நாடுகளின் பெயரில், அந்த நாட்டுத் தபால் துறைக்கே தெரியாமல், சினிமா நட்சத்திரங்களும் பூனைகளும் போட்டு அச்சடிப்பார்கள். உலகத் தபால் ஒன்றியத்தின் துணையோடு 2002 முதல் ஓர் எண் பட்டியல் இருக்கிறது. அதில் சேர்ந்துள்ள நாடுகளின் அதிகாரபூர்வ வெளியீடுகளை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பெட்டி நிறைந்துவிட்டது, எங்கே தொடங்குவது

உலகம் முழுவதையும் சேர்க்கிறேன் என்று கிளம்பினால் இப்படித்தான் ஆகும். ஒரு நாட்டின் ஒரு காலகட்டம், அல்லது பறவை, ரயில், கலங்கரை விளக்கம் என ஒரு பொருள் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். மீதியை நாடுவாரியாகக் கண்ணாடித்தாள் உறைகளில் போட்டு வெளியே பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை உள்ளே ஊறும்.

ஒரே ஸ்டாம்பில் இருபது முப்பது பிரதி சேர்ந்துவிட்டால் உடனே தள்ளிவிடாதீர்கள். முத்திரையில் தேதி தெரிகிறவற்றை மட்டும் பிரித்து வருட வரிசையில் அடுக்குங்கள். நிறச்சாயல் எந்த வருடம் மாறியது, துளை அளவு எப்போது மாறியது என்பது அந்த வரிசையிலேயே தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் ஒவ்வொரு வகையிலும் முத்திரை தெளிவான இரண்டை வைத்துக்கொண்டு, மற்றதை மாற்றிக்கொள்ளக் கொடுத்துவிடலாம்.